பின் சீட்டு அம்மாவுக்குப் பிரெஞ்சு பிரேக்

வண்டியை ஓட வைக்கிற மெக்கானிக்குக்கு டீயும் வடையும் கிடைக்கும். நிற்க வைக்கிறவனுக்கு, அது நிற்காத அன்றைக்குத் திட்டு மட்டும் கிடைக்கும். நான் அறுபதுகளில் திண்டிவனத்தில் பட்டறை வைத்து பிரேக் வேலை பார்த்தவன். இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கிற அன்பர்களே, நீங்கள் மட்டும் தனியாக அழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கேப்பைக் கொல்லையில் கார்

ஓமந்தூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மில் வைத்திருந்தவர் சுந்தரமூர்த்தி. அவரிடம் ஒரு கறுப்புக் கார், அதை ஓட்டக் கன்னியப்பன் என்று ஒரு டிரைவர். ஒரு மழை நாளில், ரோட்டின் மேலே ஓடிய ஓடைத் தண்ணீரில் காரை விட்டுத் தாண்டினார்கள். அப்போதெல்லாம் காருக்கு டிரம் பிரேக்தான். மூடி போட்ட சட்டி மாதிரி. தண்ணீர் உள்ளே போனால் லேசில் வெளியே வராது, உரசிப் பிடிக்கிற லைனிங் நனைந்து வழுக்கும். தண்ணீரைத் தாண்டிய கையோடு வளைவு வந்தது. கன்னியப்பன் மிதித்தான், எழுந்து நின்றே மிதித்தான். கார் அவனை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் யாருடைய கேப்பைக் கொல்லையிலோ இறங்கி, வரப்பில் முட்டித்தான் நின்றது.

பின் சீட்டில் முதலாளியின் சம்சாரம் அலமேலு அம்மாள் இருந்தார். மடியில் வைத்திருந்த தயிர்ச் சட்டி இப்போது அவர் தலையில் இருந்தது. சேற்றில் இறங்கி நின்று, வழிந்த தயிரைத் துடைத்துக்கொண்டே சொன்னாராம்: "இனிமே இந்த வண்டியில நானா ஏற மாட்டேன். ஏத்தணும்னா நாலு பேரு தூக்கிக்கினு வந்து ஏத்துங்க!"

பாண்டிச்சேரி மூட்டை

அம்மா சும்மா சொல்லவில்லை. தை மாதம் மகளுக்கு மயிலம் கோயிலில் கல்யாணம். அதற்கும் பஸ்ஸில்தான் வருவேன் என்று சொல்லிவிட்டார். மில் முதலாளி காரில் வந்து இறங்க, அவர் சம்சாரம் கூட்டத்தில் இடிபட்டுப் பஸ்ஸில் வந்து இறங்கினால் சம்பந்தி வீட்டுக்காரர்கள் என்ன பேசுவார்கள்? மனுஷனுக்குத் தூக்கம் போயிற்று. அந்தக் கவலையை எடுத்துக்கொண்டு வந்து என் தலையில் போட்டார்.

ஒரு நாள் சாக்கு மூட்டையோடு பட்டறைக்கு வந்தார். பாண்டிச்சேரியில் அடிபட்டுக் கிடந்த பிரெஞ்சுக் கார் ஒன்றின் பின் சக்கரத்துப் பிரேக்கை அப்படியே கழற்றி வாங்கி வந்திருந்தார். டிரம்மே இல்லை. பளபளவென்று இரண்டு இரும்புத் தட்டுகள். ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்க இடுக்கி மாதிரி ஒன்று. தட்டு திறந்தே கிடப்பதால் தண்ணீர் நிற்காது, உடனே காய்ந்துவிடும். சமாசாரம் நல்ல சமாசாரம்தான். "முதலாளி, பிரேக் போட்டா பாரமெல்லாம் முன்னாலதான் சாயும். தட்டு போட்டா முன் சக்கரத்துக்குத்தான் போடணும், பின்னால போடறது வீண்" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மேஸ்திரி, அம்மா எந்த சீட்டுல குந்தறாங்க? பின் சீட்டு! அப்போ பிரேக்கு எங்க வேணும்?"

கை பிரேக்

பிரெஞ்சுத் தட்டு நம்ம அச்சில் உட்காருமா? உட்காராது. இடையில் ஒரு வளையம் கடைந்து வைத்தால்தான் உட்காரும். அதற்காக விழுப்புரம் லேத் பட்டறைக்கு நான் நடையாய் நடந்தேன். அங்கே இருந்த கடைசல்காரர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் தோசை நன்றாக வரும் என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருவழியாகப் பூட்டினோம். கால் பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. ஆனால் பழைய கை பிரேக் கம்பி புதுத் தட்டோடு எந்த வகையிலும் சேரவில்லை. ஒரு வாரம் முட்டி மோதிப் பார்த்துவிட்டு, "கை பிரேக் மட்டும் கிடையாதுங்க" என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால் அவர் சிரித்தார். "நிக்காத வண்டியாலதான்யா நமக்குப் பேஜாரு. நிக்கிற வண்டிக்கு எதுக்குய்யா பிரேக்கு?"

ஆயுத பூஜை

இதற்குள் ஆயுத பூஜை வந்தது. அலமேலு அம்மாள் தூரத்தில் நின்று பார்க்க, மில் வாசலில் காருக்குப் பூஜை. பொட்டு வைத்து, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அம்மாவின் மனது மாறட்டும் என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார் முதலாளி. கன்னியப்பன் பழத்தை நசுக்கிக்கொண்டு கம்பீரமாகக் கிளப்பி, அம்மா முன்னால் நிறுத்திக் காட்டப் பிரேக்கைப் போட்டான். கார் அம்மாவைத் தாண்டி, கணக்குப்பிள்ளையைத் தாண்டி, கொட்டிவைத்திருந்த மல்லாட்டை அம்பாரத்தில் மூக்கைச் செருகி நின்றது.

ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். தட்டு இரண்டிலும் எண்ணெய் வழிந்தது. அதன் மேல் சந்தனம், நடுவில் குங்குமம். பிரேக் தட்டில் எண்ணெய் பட்டால் அப்புறம் அது பிரேக்கா? எனக்கு வந்த ஆத்திரத்தில் கன்னியப்பன் சட்டையைப் பிடித்துவிட்டேன். அவன் வீட்டில் கட்டை வண்டி உண்டு. பூஜை என்றால் அச்சுக்கு எண்ணெய் போடாமல் விடமாட்டார்கள். அவன் நியாயமாகவே கேட்டான்: "இன்னாண்ணே இது, நல்ல நாளும் அதுவுமா தட்டு வறண்டு கெடந்தது, வெளக்கெண்ணெ தடவனேன். அது ஒரு குத்தமா?"

மயிலம் ரோடு

தட்டை மண்ணெண்ணெயில் கழுவி, பிடிக்கிற கட்டைகளை மாற்றி, கன்னியப்பனிடம் சாமி பேரில் சத்தியம் வாங்கினேன். ஆனால் அம்மா அசையவில்லை. கல்யாணத்தன்று காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். காரைக் கடைசியாக ஒரு தடவை சரிபார்க்கப் போயிருந்த நான், முதலாளி கண்ணில் தண்ணீர் நிற்பதை அப்போதுதான் பார்த்தேன். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அம்மாவும் பார்த்திருப்பார் போல. கடைசியில் ஒரு நிபந்தனையோடு வந்தார்: பிரேக் போட்ட மேஸ்திரியும் முன் சீட்டில் உட்கார வேண்டும்; போனால் எல்லாரும் சேர்ந்து போகட்டும்.

அப்படித்தான் போனோம். கிளம்பியதிலிருந்து முதலாளி பிரெஞ்சுக்காரன் மூளையைப் பற்றியும், அதைக் கண்டுபிடித்து வாங்கிவந்த தன் மூளையைப் பற்றியும் ஓயாமல் பேசினார். கூட்டேரிப்பட்டில் மயிலம் ரோட்டுக்குத் திரும்பும்போது குறுக்கே ஒரு கரும்பு வண்டி வந்துவிட்டது. கன்னியப்பன் மிதித்தான். நான் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டேன். திறந்து பார்த்தால் கார் நின்றிருந்தது. மாடு எங்கள் விளக்கை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. முதலாளி மறுபடி பிரெஞ்சுக்காரனிடமிருந்து ஆரம்பித்தார். மயிலம் வருகிற வரை அது ஓயவில்லை. அம்மா இறங்கி, புடவையைச் சரிசெய்துகொண்டு என் ஜன்னல் பக்கம் வந்தார். "தம்பி, வண்டி நல்லாத்தான் நிக்குது. அந்தத் தட்டு இன்னும் ஒண்ணு இருந்தா இந்த மனுசன் வாயிலயும் மாட்டி வுடு."

கல்யாணம் முடிந்ததும் அம்மா யாரும் கூப்பிடாமலே பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார், என் சீட்டில் வாழைத்தாரும் சீர்வரிசைத் தட்டும் ஏறின, நான் கூட்டேரிப்பட்டு வரை நடந்துபோய்ப் பஸ் பிடித்தேன்: பிரேக்கை நம்பிவிட்டார்கள் என்றால் மெக்கானிக்குக்கு வண்டியில் இடம் கிடையாது.