பதிப்பு மாறியதும் வெறுந்தட்டு கனத்தது

கணினித் தொழிலில் எழுதி முடித்ததையே திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருப்பவர்கள், மாட்யூல் செய்கிறவர்கள்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் மலாக்கா டவுனில் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு அந்த வேலை. தொழிற்சாலைத் தராசுகளைக் கணினியோடு இணைப்போம். திரையில் தெரிவதெல்லாம் ஓர் எளிய கணினி மொழியில் எழுதியது. தராசோடு பேசும் பகுதியை மட்டும் சி மொழியில் எழுதி, கணினிக்கு நேராகப் புரியும் வடிவத்துக்குக் கம்பைல் செய்து, தனித் துண்டாக, அதாவது மாட்யூலாகச் சேர்ப்போம். அந்த எளிய மொழிக்குப் புதிய பதிப்பு வரும்போதெல்லாம், மாட்யூலை அதற்கென்று மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும். இதில் மாட்டியவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லூபோக் சீனாவுக்கு ஒரு டிஸ்கெட்

லூபோக் சீனாவில் ரப்பர் பால் வாங்கும் நிலையம் ஒன்று எங்கள் வாடிக்கையாளர். அங்கே கணக்கெழுதும் கிராணி மணியம் அண்ணன். மாட்யூலில் ஒரு சின்னத் திருத்தம் கேட்டிருந்தார். செய்து, டிஸ்கெட்டில் போட்டுக்கொண்டு காலை பஸ் பிடித்துப் போனேன். பழைய மாட்யூலை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றினேன். அது எழுந்திருக்கவே இல்லை. போன வாரம்தான் ஆபீஸில் என் கணினிக்கு மொழியின் புதிய பதிப்பைப் போட்டிருந்தேன். இங்கே இருந்தது பழையது. அழித்ததற்கு நகலும் எடுத்து வைக்கவில்லை.

வெளியே மோட்டார் சைக்கிளில் பால் கொண்டுவந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். வெயில் ஏற ஏறப் பால் உறையத் தொடங்கிவிடும். அண்ணன் என்னைத் திட்டவில்லை. உள்ளே போய்ப் பழைய தராசையும் இரும்பு எடைக்கற்களையும் தூக்கிவந்து மேசையில் வைத்தார்.

"இதுக்கு வெர்ஷன் கிடையாது லா, தங்கச்சி."

ஓடியது

செங் என்ற ஊரில் ரப்பர் வளையங்கள் செய்யும் தொழிற்சாலையில் புதுக் கணினிகள் வந்தன. மொழியும் புதிய பதிப்பு. திங்கட்கிழமை வேலை தொடங்கியாக வேண்டும் என்றார் சூப்பர்வைசர். மறுபடி கம்பைல் செய்ய வேண்டிய கருவிகள் ஆபீஸில் இருந்தன. அவசரத்தில் கையிலிருந்த பழைய மாட்யூலையே போட்டுப் பார்த்தேன். இந்த முறை எழுந்தது. பதிப்பு பொருந்தவில்லை என்று திரையில் ஓர் எச்சரிக்கை மட்டும் வந்தது. ஒரு கிலோ கல்லை நேராகத் தராசில் வைத்தேன், ஒரு கிலோ காட்டியது.

எச்சரிக்கையைப் பார்த்தால் வேலையாட்கள் பயப்படுவார்கள் என்று சொல்லி, அது திரையில் வராமல் மறைத்தேன். பயந்தது நான்தான் என்பதை அப்போது ஒப்புக்கொள்ளவில்லை. கூட வந்த பிரான்சிஸிடம், "சரியா வருமா?" என்று கேட்டேன். அவன் பையை மாட்டிக்கொண்டே சொன்னான்:

"ஓடுதுல்ல, விடு. ஓடுறத எவன் தொடுவான்?"

லெட்சுமி அக்காவின் கடிதம்

மூன்று வாரம் கழித்து அந்த வளையத் தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. வளையப் பொட்டலங்கள் எல்லாமே ஒரே அளவு எடை குறைவாம். பொட்டலம் கட்டிய லெட்சுமி அக்காவுக்கு வார்னிங் லெட்டர் கொடுத்துவிட்டார்கள். இன்னொன்று வந்தால் வேலை போய்விடும்.

போனேன். அக்கா தராசின் பக்கத்தில் நின்றிருந்தார். "வெறுந்தட்டு வெச்சாலே கனம் காட்டுது மிஸ். மொத நாளே சொன்னேன். கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுன்னுட்டாங்க" என்றார். தட்டை வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. வளையங்களைப் போடும் அந்தத் தட்டின் எடையைக் கழித்த பிறகுதான் திரை எண்ணைக் காட்ட வேண்டும். அந்த எடையை, மொழியின் வழியாகக் கேட்டு வாங்காமல், வேகத்துக்காக நினைவகத்தில் நேராகக் கையை விட்டு எடுக்கும்படி எழுதியிருந்தேன். புதிய பதிப்பில் அந்த இடம் மாறியிருந்தது. என் மாட்யூல் பழைய இடத்தில் தேடிப் பூஜ்யத்தை எடுத்து வந்தது. தட்டின் கனத்துக்குச் சமமாக அக்கா வளையங்களைக் குறைத்தே போட்டிருக்கிறார், திரை சொன்னபடி.

சூப்பர்வைசர் என்னைத் தனியே கூப்பிட்டு, "தராசு பழசுன்னு எழுதிடலாமா?" என்றார். என் நல்லதுக்குத்தான் சொன்னார். சரி என்று வாய்வரை வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எச்சரிக்கை வந்ததையும் நான் மறைத்ததையும் நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அக்காவுக்குக் கொடுத்த வார்னிங் லெட்டரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையுறையை மாட்டிக்கொண்டார்.

"மன்னிப்பு இருக்கட்டும் மிஸ். அடுத்த தடவ நான் சொன்னா கேக்கச் சொல்லுங்க."

தஞ்சோங் கிளிங்கிலிருந்து ஒரு கோபம்

அதன் பிறகு மாட்யூலை முதலிலிருந்து எழுதினேன். எதையும் நேராக எடுக்காது, மொழியிடம் கேட்டே வாங்கும். ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனியாகக் கம்பைல் செய்தேன். பதிப்பு பொருந்தாவிட்டால், காரணத்தைச் சொல்லிவிட்டு நின்றுவிடும்.

சில மாதங்களில் தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் யாரோ பதிப்பை மாற்றிவிட்டார்கள். மாட்யூல் நின்றுவிட்டது. துணி மூட்டைகள் எடை போடாமல் குவிந்தன. இரண்டு பதிப்புக்கும் டிஸ்கெட் எடுத்துக்கொண்டு ஓடினேன். பத்து நிமிட வேலைதான். ஆனால் பொறுப்பாளர் ஸ்டெல்லா அக்காவின் கோபம் ஆறவில்லை.

"முன்னெல்லாம் உங்க சாமான் பேசாம ஓடும், இப்ப நியாயம் பேசுது."

அத்தனை வருஷம் நான் எழுதியதில் உருப்படியானது, ‘ஓட மாட்டேன்’ என்று சொல்லும் அந்த ஒரு வரிதான்.