மூன்றாவது தூண்

சங்கண்ணா ஹிரேமட பொதுப்பணித் துறைப் பொறியாளர் பணியிலிருந்து ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் தார்வாடிலிருந்து முதல் பஸ் பிடித்து, தான் கட்டிய கரகல் பாலத்தைப் பார்த்துவிட்டு வருவார். ஊரில் அதைப் பெருமை என்றார்கள். அவர் விரிசல் தேடுவதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

"சார், உங்க பாலத்து ஃபைலை வித்யா மேடம் வாங்கிட்டுப் போனாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதாம்" என்று பழைய ஆபீஸ் குமாஸ்தா போனில் சொன்ன அன்று, சோள ரொட்டியை அவர் பாதியிலேயே வைத்துவிட்டார். விசாரணைதான். வேறு எதற்கு அவரிடம் மறைப்பார்கள்? மூன்று நாள் பொறுத்தவர், நான்காம் நாள் தன்னிடம் ஜூனியராக இருந்த வித்யா தேஷ்பாண்டேயின் வீட்டுக்கே போய்விட்டார்.

"நானே சொல்லிடறேன்மா. மூணாவது தூணுக்குப் பாறை வரைக்கும் தோண்டலை. வெள்ளம் வர்ற நேரம். ஒரு மீட்டர் மிச்சம் இருக்கறப்பவே கான்கிரீட் போடச் சொல்லிட்டேன்."

வித்யா மேஜை மேலிருந்த படிவத்தை மெல்ல அவர் பக்கம் திருப்பினாள். பொறியாளர் சங்கத்தின் வாழ்நாள் சாதனை விருது. பரிந்துரைக்கப்படுபவர்: சங்கண்ணா ஹிரேமட. முடிவாகும்வரை அவருக்குத் தெரியக் கூடாது என்பது சங்கத்தின் விதி.

அவர் படிவத்தை அவள் பக்கமே தள்ளினார். "யார்கிட்டயும் சொல்லிடாதேம்மா."

"யார்கிட்ட சார் சொல்றது?" அவள் ஃபைலுக்குள்ளிருந்து வேலை அளவுகள் பதிந்த அளவுப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். "பாறை வந்தாச்சுன்னு நீங்க சொன்னீங்க. குழிக்குள்ள இறங்கிப் பார்க்காம எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்."