பாரிஸ் ஃப்ளைட்டில் ஒரு வாடை

போன வாரம்தான் பாரிஸிலிருந்து திரும்பினேன். இதில் என்ன பெருமை, பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊர் முத்தியால்பேட்டையில் தெருவுக்கு நாலு பேர் பாரிஸ் போய் வருகிறார்களே என்பீர்கள். அவர்கள் எல்லாம் வயிற்றில் பை ஒட்டிக்கொண்டா போகிறார்கள்?

புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் குடலில் கட்டி. ஆபரேஷன் செய்து, குடலின் முனையை வயிற்றின் இடப்பக்கம் வெளியே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். மலம் அந்த வழியாக வந்து, தோலில் ஒட்டியிருக்கும் பையில் விழும். பையை அவ்வப்போது மாற்ற வேண்டும். சொல்வது சுலபம்... பழகத்தான் நாளாச்சு.

அதற்கப்புறம் நான் பக்கத்திலேயே இருக்கும் மூலக்குளத்து நாத்தனார் வீட்டுக்குக்கூடப் போனதில்லை. வாடை வந்துவிட்டால்? யாராவது மூக்கைச் சுளித்துவிட்டால்? பாரிஸில் இருக்கும் தங்கை மல்லிகா தன் மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டபோதும், முடியாது என்றுதான் சொன்னேன்.

"நீ வராட்டி நான் மேடை ஏற மாட்டேங்க்கா," என்றாள் போனில். சொன்னால் செய்கிறவள்தான். கிளம்பினேன்.

கத்தரிக்கோலை ஃப்ளைட்டில் விடமாட்டார்கள் என்று, பைகளின் ஓட்டையை வீட்டிலேயே குடல் முனைக்கு அளவாக வெட்டி வைத்தேன். முந்தின நாளே பருப்புக்கும் கோஸுக்கும் லீவு. பாத்ரூமுக்குப் பக்கத்தில், நடைபாதை ஓரத்து சீட். வீட்டுக்காரருக்கும் ஒரு கட்டளை — இந்தத் தடவை கருவாடு கிடையாது. நம்ம ஊரிலிருந்து பாரிஸ் போகிற பெட்டியில் கருவாடு இல்லாவிட்டால் அது பெட்டியே இல்லை, எனக்கும் தெரியும். "ஏற்கெனவே பயந்து செத்துக்கிட்டிருக்கேன். கருவாடு என் கண்ணுல படக்கூடாது," என்றேன். நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

ஏர்போர்ட்டில் சோதனை செய்த பெண்ணின் கை வயிற்றில் வந்து நின்றது. கண்ணாடி முன் ஒத்திகை பார்த்து வைத்திருந்த இரண்டு வாக்கியத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள், போகச் சொல்லிவிட்டாள். இதற்கா இத்தனை நாள் தூங்காமல் புரண்டேன்?

ஃப்ளைட் மேலே ஏறியதும் பை லேசாக உப்பியது. அப்படி ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. சாப்பாடு முடிந்தது. முன்சீட்டு அம்மாள் எழுந்து, எங்கள் தலைக்கு மேலே இருந்த ரேக்கைத் திறந்து சால்வை எடுத்தார். கொஞ்ச நேரத்தில்... வாடை.

அந்த அம்மாள் சால்வையால் மூக்கை மூடிக்கொண்டார். பக்கத்தில் வீட்டுக்காரர் குனிந்த தலை நிமிரவில்லை. பாவம், என் மானம் போவதைப் பார்க்கச் சகிக்கவில்லை அவருக்கு என்று நினைத்தேன். கண் கலங்கிவிட்டது. இதற்குத்தானே வரமாட்டேன் என்றேன், கேட்டார்களா?

கைப்பையை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினேன். பை ஒட்டின இடத்தில் ஒட்டினபடி இருந்தது. கசிவு இல்லை, ஈரம் இல்லை. மோந்து பார்த்தேன்... ஒன்றுமே இல்லை. சீட்டுக்குத் திரும்பினால் அங்கே அதே வாடை. பயம் தெளிந்த மூக்கு இப்போதுதான் நிதானமாக வேலை செய்தது. வாளைக் கருவாடு.

"ஏங்க," என்றேன்.

"மல்லிகாதான் கேட்டுச்சு விஜி. கவர் மேல கவர் போட்டுத்தான் கட்டனேன்... எப்படி வெளிய வந்துச்சுன்னு தெரியல," என்றார், தலை நிமிராமலே.

சிரித்தேன். முன்சீட்டு அம்மாள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். ஏர் ஹோஸ்டஸ் வந்து என்ன வாடை என்று விசாரித்தபோது, "இவரைக் கேளுங்க," என்று கையைக் காட்டிவிட்டேன். இத்தனை நாளாக எங்கே என்ன வாடை வந்தாலும் அது நான்தான் என்று ஒடுங்கிக் கிடந்தவள் நான். உலகத்தில் மற்றவர்களுக்கும் வாடை உண்டு என்பதே மறந்துபோயிருந்தது.

கல்யாணத்தில் பட்டுப்புடவை கட்டி, மேடையில் மல்லிகா பக்கத்தில் நின்றேன். அப்புறம் ஆடவும் ஆடினேன். உடம்பு எப்படி இருக்கு என்று கேட்டவர்களிடம் பையைப் பற்றி நானே சொன்னேன். சொல்லிவிட்டு மறுபடி ஆடப் போனேன்.

திரும்பி வரும்போது ஜன்னல் சீட் கேட்டு வாங்கினேன். பாத்ரூம் போக வேண்டுமென்றால்? ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரர் எழுந்து வழிவிடட்டும் — கருவாட்டுக்கு அதுதான் தண்டனை.