அடைகாத்த மாமனார்

பஸ்ஸில் டிக்கெட் சோதித்தே காலத்தை ஓட்டியவர் என்பதால் தெருவில் அவருக்குச் செக்கர் என்று பெயர். ஓய்வு பெற்றதும் சோதிக்க ஆள் இல்லை. மிச்சமிருந்தது மருமகள்தான்.

அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பிரசவ லீவு முடிகிற சமயம். "அடுத்த மாசம் போகலேன்னா வேற ஆளைப் போட்டுருவாங்க மாமா" என்றாள்.

"போடட்டும். பெத்தவ பக்கத்துல இருக்கணும். ஆடு மாடுகூடக் குட்டியை விட்டுட்டுப் போறதில்ல" என்றார் செக்கர்.

மகன் தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை. இந்த மாதிரி நேரங்களில் அவனுக்குப் பசி அதிகம்.

அந்த வாரம்தான் காடைகள் வந்தன. முட்டைக்கு முட்டை, கறிக்குக் கறி என்று யாரோ ஓதியிருந்தார்கள். துணி காயும் சந்தில் கம்பிக் கூண்டு ஏறியது. செக்கர் மனைவியின் துணிக்கொடி மொட்டை மாடிக்குப் போனது. புள்ளி போட்ட முட்டைகள் விழத் தொடங்கியதும் செக்கருக்கு ஆசை பெருகிவிட்டது. முட்டையைத் தின்றால் தீர்ந்துபோகும், குஞ்சு பொரித்தால் பண்ணை.

மூலையில் வைக்கோல் பரப்பி, மறைப்புக்குத் தன் பழைய காக்கிச் சட்டையைத் தொங்கவிட்டார். காடை முட்டையிட்டது. அதை மிதித்துக்கொண்டு தீவனத்துக்குப் போனது. அடுத்ததும் அப்படியே. சட்டையில் எச்சம் போட்டதோடு சரி.

"ஒண்ணுகூட உக்கார மாட்டேங்குதே" என்றார்.

"லீவு முடிஞ்சிருக்கும்" என்றாள் மனைவி, வெங்காயம் நறுக்கியபடி.

தீவனக் கடைக்காரர் அடித்தே சொல்லிவிட்டார். "கூண்டுக் காடை அடைகாக்காது சார். மெஷின்லதான் பொரிக்கணும்."

மெஷின் வீட்டுக் கூடத்துக்கே வந்தது. சூடு பார்க்கணும், தண்ணீர் ஊற்றணும், காலை மதியம் சாயங்காலம் முட்டையைப் புரட்டணும். வேறு யாரும் தொடக் கூடாது. கரண்ட் போனால் கம்பளியைப் போர்த்திவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார். தங்கை வீட்டுக் கல்யாணத்துக்கே போகவில்லை. "முட்டையை யார்கிட்ட விட்டுட்டு வர்றது?" என்று போனில் அவர் கேட்டதை மருமகள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை குளித்து, தலை வாரி, பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"வேலைக்குக் கிளம்புறேன் மாமா. நீங்கதான் வீட்டை விட்டு அசையறதில்லையே. பால் பாட்டில்ல இருக்கு. பாப்பாவைப் புரட்டிப் போட வேண்டாம், அவளே புரண்டுக்குவா."

"பெத்தவ பக்கத்துல..." என்று ஆரம்பித்தார் செக்கர்.

"சத்தம் போடாதீங்க, குழந்தை தூங்குது" என்றாள் மனைவி. "நான் உதவி பண்றேன். முட்டையைத்தான் தொட மாட்டேன்."

மகன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான். அன்றைக்கு மட்டும் பாதித் தட்டோடு.

மத்தியானம் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். செக்கரின் தோளில் குழந்தை, கையில் முட்டை.

"மருமக எங்கே காணோம்?"

"வேலைக்கு" என்றார் செக்கர். "படிச்ச பொண்ணு, வீட்ல அடைஞ்சு கிடக்கலாமா? நான்தான் அனுப்பி வச்சேன்."