செவ்வாய்க்கிழமை முகம்

எங்கள் வீட்டில் சமையலுக்கும் முகத்துக்கும் நடுவே ஓயாத பங்காளிச் சண்டை நடந்துகொண்டிருந்தது. கடலைமாவு டப்பாவில் பாதி பஜ்ஜிக்கு, பாதி அக்காவின் கன்னத்துக்கு. தயிர் ஒரு கரண்டி குறைந்தால் பூனையை யாரும் சந்தேகப்படுவதில்லை. "கொழம்புக்குன்னு ஒரே ஒரு தக்காளி வச்சிருந்தேன், அதையும் மூஞ்சில தேச்சினு உக்காந்துனுகிறா பாரு மகராசி" என்று அம்மா கத்துவாள். அக்கா பதில் சொல்ல மாட்டாள். சொல்லவும் முடியாது. முகத்தில் பூச்சு காய்ந்துகொண்டிருக்கும்.

அப்போது நாங்கள் ஜோகுபாளையத்தில் ஓர் அறையும் ஒரு சமையலறையுமான வீட்டில் குடியிருந்தோம். ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த அப்பா நான் நான்காவது படிக்கும்போது போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவுக்குத் தொம்மலூரில் ஒரு கம்பெனியில் பெருக்கித் துடைக்கிற வேலை. அக்கா பி.யு.சி. முடித்த கையோடு ஒரு பட்டுச்சேலைக் கடையில் சேர்ந்துவிட்டாள். அவளுக்கு இருபத்தொரு வயது, எனக்குப் பதினொன்று. அப்பா விட்டுப்போன சொத்து எண்ணெய் வடியும் முகம் ஒன்றுதான், மூத்தவள் என்று அதைத் தனக்கே முழுசாக எழுதி வைத்துவிட்டார் என்று அக்கா சிரித்துக்கொண்டே சொல்வாள். காலையில் சோப்புப் போட்டுக் கழுவினால் பத்து மணிக்குள் மூக்கும் நெற்றியும் பளபளக்கும். கன்னத்தில் ஒரு பரு அமுங்கினால் தாடையில் இரண்டு கிளம்பும்.

கடையில் அவள் முதல் மாடி, கல்யாணப் பட்டுப் பிரிவு. கல்யாணப் பெண்ணும் அவளைச் சேர்ந்தவர்களும் மெத்தையில் உட்கார்ந்திருப்பார்கள். கேட்கிற சேலையை அக்கா தன் உடம்பில் சுற்றி, முந்தானையைக் கையில் விரித்து, கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பிக் காட்ட வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது சேலைகூடக் கட்டி அவிழ்ப்பாளாம். இரவுச் சாப்பாட்டில் உட்கார்ந்தால் அந்தச் சேலைகளின் பேச்சுதான். மாம்பழ மஞ்சளில் மயில்கழுத்து பார்டர், வெங்காய நிறத்தில் வெள்ளிச் சரிகை. அவற்றில் ஒன்றைக்கூடத் தன்னால் வாங்க முடியாது என்ற வருத்தம் அவளுக்கு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. தினமும் கட்டுகிறாளே, அது போதும் என்றுதான் இருந்தாள்.

அந்த மாடியில் நிற்கும் பெண்கள் மேக்கப் இல்லாமல் நிற்கக் கூடாது. அதைக் கடையே வாங்கி வைத்திருக்கும். பத்துப் பன்னிரண்டு பெண்களுக்கும் ஒரே நிறக் க்ரீம், ஒரே பஞ்சு. அக்கா வீடு திரும்பும்போது முகம் ஒரு நிறமும் கழுத்து ஒரு நிறமுமாக இருப்பாள். எனக்கு அது சினிமாக்காரி போலத் தோன்றும். கழுவாதே, இன்னும் கொஞ்ச நேரம் இரு என்று கெஞ்சுவேன்.

கடைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. எனவே அக்காவின் ஞாயிற்றுக்கிழமை செவ்வாயில்தான் வரும். நான் பள்ளிவிட்டு வரும் நேரத்துக்கு முல்தானி மட்டி ஊறிக்கொண்டிருக்கும். அல்சூர் மார்க்கெட் பக்கத்து நாட்டு மருந்துக் கடையில் பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கும் சாம்பல் நிற மண். அதில் தயிரோ தக்காளிச் சாறோ விட்டுக் குழைத்து அக்கா முகம் முழுக்கப் பூசிக்கொள்வாள். தலைக்குப் பழைய துண்டு, கண்ணுக்கு மேல் நனைத்த துணி. பாயில் மல்லாந்து படுத்தால் இருபது நிமிடம் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. பூச்சு விரிசல் விட்டால் முகத்தில் சுருக்கம் விழும் என்பது அவள் நம்பிக்கை. அவளைச் சிரிக்க வைப்பதுதான் என் விளையாட்டு. அம்மா மூக்குறிஞ்சிக்கொண்டே சண்டை போடுவதைப் போல நடித்துக் காட்டுவேன். சிரித்துவிட்டால் அவள் தோற்றாள் என்று கணக்கு.

விளையாட்டைத் தவிர எனக்கு ஒரு வேலையும் இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அக்கா உள்ளங்கையை விரித்து நீட்டினால், இன்னும் எத்தனை நிமிடம் என்று கேட்கிறாள் என்று அர்த்தம். ஆறு நிமிடம் பாக்கி என்றால் அந்தக் கையில் என் விரலால் ஆறு தட்டு.

நான் ஆறாவது படித்த வருஷம் வரமகாலட்சுமிப் பண்டிகைக்கு முன்னால் அக்காவின் முகம் மிகவும் மோசமாகிவிட்டது. பருக்கள் சீழ் கோத்துச் சிவந்து நின்றன. ஒரு திங்கட்கிழமை இரவு அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். அம்மா துருவித் துருவிக் கேட்ட பிறகு மாடி மேற்பார்வையாளர் எல்லார் எதிரிலும் கேட்டதை அப்படியே கன்னடத்தில் சொன்னாள். "முக ஏனம்மா இது? கஸ்டமர் சீரெ நோட்பேக்கா, இதன்ன நோட்பேக்கா?" வாடிக்கையாளர் சேலையைப் பார்ப்பதா, உன் முகத்தைப் பார்ப்பதா என்று கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை பண்டிகை வியாபாரம் தொடங்குகிறது, அதற்குள் முகம் தெளியவில்லை என்றால் கீழே பேக்கிங்குக்குப் போய்விடு என்றும் சொல்லியிருக்கிறார். பேக்கிங் என்பது தரைக்குக் கீழே இருக்கும் அறை. அங்கே சேலையை மடித்து டப்பாவில் போடுவதோடு சரி.

"அம்மா, நான் கீழ போவ மாட்டேன்மா" என்று அக்கா அழுதாள். அப்பா போனபோதுகூட என் எதிரில் அழாதவள். எப்படியாவது அவள் முகத்தைச் சரிசெய்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

வழியும் கைவசம் இருந்தது. அக்காவின் போனில் ஒரு வீடியோவில் பால் போன்ற முகமுள்ள ஒருத்தி எலுமிச்சையும் ஆப்பசோடாவும் போட்டால் மூன்றே நாளில் பரு ஓடிவிடும் என்று சொல்லியிருந்தாள். செவ்வாய் சாயங்காலம் காவேரித் தண்ணீர் வந்தது. மட்டியைத் தயிரில் குழைத்து வைத்துவிட்டு அக்கா வாசல் குழாய்க்குக் குடத்தோடு போனாள். நான் இரண்டு எலுமிச்சம்பழங்களைப் பிழிந்தேன். ஒன்று போதும் என்று அந்தப் பால்முகம் சொல்லியிருந்தாலும், அக்காவுக்கு அவசரம் அல்லவா? ஆப்பசோடாவையும் ஒரு கை அள்ளிப் போட்டேன். கிண்ணம் நுரைத்துப் பொங்கியது. மருந்து உயிரோடு இருப்பதாக எனக்கு ஒரே சந்தோஷம். அவள் வருவதற்குள் நுரை அடங்கிச் சாம்பல் நிற மண் பழையபடி சாதுவாக இருந்தது. சொன்னால் வேண்டாம் என்பாளோ என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் கண்ணாடி பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

பூசிப் படுத்த சற்று நேரத்தில் அவள் கால்விரல்கள் மடங்கின. உதட்டை அசைக்காமல், "எரியுதுடி" என்றாள். காயத்துக்கு மருந்து போடும்போது அம்மா எங்களுக்குச் சொல்லும் வார்த்தையையே நான் பெரிய மனுஷியாகத் திருப்பிச் சொன்னேன். "எரிஞ்சாத்தான்கா மருந்து." அவளும் அதை நம்புகிறவள்தான். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

உள்ளங்கை நீண்டது. கடிகாரத்தில் இருபது நிமிடமும் முடிந்திருந்தது. நான் பத்துத் தட்டினேன்.

இருபது நிமிடத்துக்கு இவ்வளவு பலன் என்றால் முப்பது நிமிடத்துக்கு எவ்வளவு என்பது என் கணக்கு. கொஞ்ச நேரத்தில் கை மறுபடி நீண்டது, மறுபடி பொய்யாகத் தட்டினேன். அவள் கண்மேல் இருந்த துணிக்கு அடியிலிருந்து தண்ணீர் இறங்கி, காய்ந்த மண்ணில் காதுவரை இரண்டு கோடுகள் போட்டது. நான் கைதட்டிக் குதித்தேன். "அழுதுட்ட! பூச்சு விட்டுப்போச்சு! நீ தோத்துட்ட!"

கழுவிவிட்டு வந்த முகத்தைப் பார்த்ததும் என் குதியாட்டம் நின்றுவிட்டது. மிளகாய் அரைத்துப் பூசியது போல் இருந்தது. மறுநாள் தோல் உரிந்தது, அதற்கு மறுநாள் உரிந்த இடம் கருத்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை என்று இன்றைக்குச் சொல்லிவிடலாம். அன்றைக்கு நான் குளியலறையில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அம்மா சும்மா விடவில்லை. என்னடி எழவைப் பூசினாய் என்று பிடி பிடியென்று பிடித்தாள். "எலுமிச்ச கொஞ்சம் ஜாஸ்தி போட்டுட்டேன்மா" என்றாள் அக்கா. பிழிந்த தோல்களைக் குப்பைக் கூடையில் அடியில் தள்ளி மறைத்தது நான். அக்கா எதையோ நினைத்துக்கொண்டு உளறுகிறாள், நான் தப்பித்தேன் என்று மூலையில் புத்தகத்தை விரித்துக்கொண்டேன். உனக்குக் கையும் அடங்காது, அழகும் அடங்காது என்று அம்மா அவளைத் திட்டியதை எல்லாம் கேட்டுக்கொண்டு, அந்தப் பக்கத்தில் இருந்த படத்துக்குப் பென்சிலால் மீசை வரைந்துகொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை அக்கா கீழே போனாள். இரவுச் சாப்பாட்டில் சேலைப் பேச்சு நின்றது. செவ்வாய்க்கிழமைப் பூச்சும் நின்றது. நானும் செவ்வாய்க்கிழமைகளில் பள்ளியிலிருந்து நேராக வீட்டுக்கு வராமல் கோயில் பக்கம் சுற்றிவிட்டு இருட்டும் நேரத்துக்கு வரத் தொடங்கினேன்.

தீபாவளி நெருங்கும்போது ஒருநாள் அம்மா சாப்பாட்டு டப்பாவோடு என்னை அந்தக் கடைக்கு அனுப்பினாள். படியிறங்கிப் போனேன். டியூப்லைட் வெளிச்சத்தில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அக்கா சேலை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது எனக்கு நம்ப முடியவில்லை. வீட்டில் நாற்பது வாட்ஸ் பல்பின் கீழே நான் கவனிக்காமலே இருந்திருக்கிறேன். ஒரு பரு இல்லை, கருத்த தடமும் இல்லை. சின்ன வயதுப் புகைப்படத்தில் அப்பாவின் தோளில் இருக்கும் அதே முகம். எனக்கு உடனே தோன்றியது, என் எலுமிச்சை வேலை செய்துவிட்டது, கொஞ்சம் தாமதமாக, அவ்வளவுதான்.

"அக்கா, மூஞ்சி கிளீனாயிடுச்சு! மேல போய்க் கேளேன்!"

"அங்க வேற பொண்ணு வந்துட்டாடி. போனாலும் மறுபடி அந்த மேக்கப்பத்தான் போடணும்" என்றாள். சொல்லிக்கொண்டே ஒரு வெங்காய நிறச் சேலையின் முந்தானையைக் கையில் விரித்து, ஒரு கணம் பார்த்துவிட்டு மடித்து டப்பாவில் வைத்தாள். மேக்கப் போடுவதற்கு யாராவது வருத்தப்படுவார்களா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பல வருஷம் கழித்து, நான் வேலைக்குப் போய், அப்பாவின் சொத்தில் எனக்கும் பங்கு வந்துசேர்ந்தபோது ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். அவர் முதலில் கேட்டதே தினமும் முகத்தில் என்ன போடுகிறாய் என்றுதான். வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். கடையின் க்ரீமும் எல்லோரும் தொட்ட அந்தப் பஞ்சும்தான் காரணம் என்று அவளுக்கு மாடியில் இருக்கும்போதே தெரிந்திருக்கிறது. அதைப் பூசாமல் அங்கே நிற்க முடியாது, பூசினால் முகம் தாங்காது. அதனால்தான் செவ்வாய்க்குச் செவ்வாய் மண்ணை நம்பியிருக்கிறாள். முகம் தெளிந்தபோது அதைப் பார்க்க ஆள் இல்லாத இடத்துக்கு வந்துவிட்டிருந்தாள். கல்யாணமாகி ஒக்கலிபுரத்தில் குடியேறிய பிறகும் அக்கா அதே கடைக்குத்தான் போகிறாள். பேக்கிங்கில் இப்போது அவள்தான் மூத்தவள்.

அந்த வருஷம் தீபாவளி முடிந்து வந்த செவ்வாய்க்கிழமை மழை பெய்ததால் எங்கும் சுற்ற முடியாமல் நான் நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன். அக்கா கிண்ணத்தில் முல்தானி மட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்துக்கு அன்று எந்தப் பூச்சும் தேவையில்லை. கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.

"பாப்பா, நீயே கலக்கிப் பூசிவுடு. எலுமிச்ச வேணாம், தயிர் போதும்."

தயிர் விட்டுக் குழைத்தேன். அவள் கண்ணை மூடி முகத்தை என்னிடம் நிமிர்த்திக் காட்டினாள். உரிந்து புதிதாக வந்த கன்னத்தில் மெல்லப் பூசினேன். கண்மேல் துணி போட்டேன். நான் எதையும் நடித்துக் காட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளங்கை நீண்டது. கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தேன். மூன்று நிமிடம் பாக்கி இருந்தது. மூன்று தட்டு தட்டினேன். அக்கா என் விரலைக் கைக்குள் மூடி, அந்த மூன்று நிமிடமும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் விட்டபோது எனக்குப் பெரிய நிம்மதி. நல்லவேளை, அக்காவுக்கு எதுவும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.