நூற்றொரு தேங்காய்க் குவியல்

அப்பாவின் காய்ச்சல் இறங்கிய வாரத்தில், தைப்பூசத்துக்கு வெள்ளி ரதத்தின் முன் தேங்காய் உடைப்பதாக அம்மா வேண்டிக்கொண்டாள். பினாங்கில் ரதம் போகும் சாலையிலேயே எங்கள் வீடு இருந்தது. அங்கே வேண்டுதல் காய்களை வாசலில் கோபுரமாக அடுக்குவார்கள். உச்சியில் ஒற்றைக் காய் நிற்கும். அதன்மேல் கற்பூரம் எரியும். அப்படி முடியாத குவியல் அம்மாவுக்குக் குறைபட்ட வேண்டுதல்.

அதனால் எத்தனை காய் என்று என்னைக் கேட்டாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான். அடியில் ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு, ஆக முப்பத்தாறு. நான்கு காய்களுக்கு நடுவே விழும் பள்ளத்தில் அடுத்த காய் உட்காரும் என்பதால் அதன்மேல் இருபத்தைந்து, பிறகு பதினாறு, ஒன்பது, நான்கு, ஒன்று. சிலேட்டைத் தொடுவது கௌரவக் குறைவு என்று மனத்திலேயே கூட்டி, நூற்றொன்று என்றேன். அம்மா அந்த எண்ணைச் சாமி படத்தின் முன் சொல்லிவிட்டாள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அடுத்த வருடம் என் படிப்பை நிறுத்திவிடச் சொல்லிக்கொண்டிருந்தார். ரதம் போகட்டும், பிறகு பேசலாம் என்று அம்மா தள்ளிப்போட்டாள்.

ரதம் வரும் நாள் காலை, உரித்த காய்களை நானே அடுக்கினேன். அடிவரிசை நகராமல் சுற்றிலும் செங்கல் வைத்தேன். உச்சிக் காயை வைத்த பிறகும் சாக்கில் பத்துக் காய் கிடந்தது. மறுபடி கூட்டினேன். தொண்ணூற்றொன்று.

மாமா சாக்கை எட்டிப் பார்த்தார்.

"அக்கா, ஒம் மக இங்கிலீஷ் கணக்கு சாக்குக்குள்ள ஒளிஞ்சிருக்குலா."

அம்மா சிரிக்கவில்லை. "சாமிகிட்ட நூத்தியொண்ணுன்னு சொல்லிட்டேன்டி. மிச்சம் வைக்கலாமா?"

தெருமுனையில் மேளம் கேட்டது. குவியலை இன்னும் ஓர் அடுக்கு உயர்த்த அடியில் நாற்பத்தொன்பது காய் வேண்டும்; பத்தை வைத்துக்கொண்டு ஆகாது. பத்தில் பாதி ஐந்து. நான்கு காய், மேலே ஒன்று. பெரிய குவியலின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சிறிய குவியல் வைத்தேன்.

"நடுவுல முருகன். இந்தப் பக்கம் வள்ளி, அந்தப் பக்கம் தெய்வானை," என்றேன், எப்போதோ தீர்மானித்து வைத்திருந்ததைப் போல.

அம்மா கற்பூரத்தை மூன்றாக உடைத்தாள். "பாத்தியாடா? படிச்ச புள்ள. எல்லாத்தையும் முன்னயே யோசிச்சு வச்சிருக்கா."

ரதம் வந்ததும் வள்ளியின் காயை மாமாதான் எடுத்து உடைத்தார். படிப்பை நிறுத்தும் பேச்சு அதன்பின் எழவில்லை.

மறு வருடம் எதிர்வீட்டிலும் மூன்று குவியல் வைக்க ஆசைப்பட்டு, என்னிடம் கணக்குக் கேட்டார்கள். உள்ளே போய், சிலேட்டில் எழுதி, இரண்டு தடவை கூட்டினேன். பிறகு வெளியே வந்து, மனக்கணக்காகச் சொல்வதைப் போலவே சொன்னேன்.