தபால் கந்தோர்ச் சுவரில் என் முகம்

நான் அகதியாய் வந்திறங்கிய ஸ்காபரோவில், தபால் கந்தோர்ச் சுவரில் அரசாங்கச் செலவில் படம் கீறிக்கொண்டிருந்தார், தாடியெல்லாம் பெயின்ற் அப்பிய ஒரு வெள்ளைக்காரர். வரிசையில் நிற்கிறவர்களை உற்றுப் பார்ப்பார், தூரிகையைப் பல்லில் கடித்தபடி யோசிப்பார், பிறகு கீறுவார்.

"டேய், உவர் உன்ரை மூஞ்சையெல்லோ கீறுறார்!" என்றான் கூட வந்த சிநேகிதன்.

 ஊரில் ஆமிக்காரர் என்னைத் தேடி வந்தபோது, நான் செத்துப்போனேன் என்று அம்மா சொல்லியிருந்தா.

"என்னை அழியுங்கோ," என்று தெரிந்த இங்கிலிசில் கத்தினேன். "ஆரும் கண்டு ஊரில் சொன்னால் அம்மாவைப் பிடிப்பாங்கள்."

"யார் பார்க்கப்போகிறார்கள்?" என்றார் அவர்.

"அதுதானே தெரியாது!"

அவர் தூரிகையைக் கடித்துக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டார்.

அடுத்த கிழமை பயந்து பயந்து போனேன். படத்தில் அத்தனை பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அதில் நான் எவன் என்று எனக்கே தெரியவில்லை.